கியூஇ தேறியாச்சு: வளர்ச்சி ஹார்மோன் தலைப்போடு போகிறவர்களுக்கு

முனைவர் பட்டத் தகுதித் தேர்வு முடிவு மின்னஞ்சலில் வந்துவிட்டது. தேர்ச்சி. ஆனால் "எழுத்தறிக்கையைத் திருத்தித் தரவும்" என்று ஒரு வாலும் சேர்ந்து வந்தது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. தேர்வாளர் ஒருவர் என் முன்மொழிவு முழுவதையும் விட்டுவிட்டு ஒரே ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டார். சினைச் சுண்டெலியின் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் அளவு ஏறும் படம். "ஏறியிருக்கிறது, சரி. சுரப்பு கூடியதா, கிளியரன்ஸ் குறைந்ததா?" மீதி நேரமெல்லாம் இதுதான்.

ஆகவே இந்தச் சுரப்பைத் தூண்டும் கிரெலின், அடக்கும் சோமட்டோஸ்டாட்டின் பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் முதலில் இரண்டாகப் பிரியுங்கள்: மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பி எவ்வளவு விட்டது (சுரப்பு), உடம்பு எவ்வளவு வேகமாக அகற்றியது (கிளியரன்ஸ்). மாலையில் சிங்கப்பூரின் ஜூரோங் ஈஸ்ட் ரயில் நடைமேடையில் கூட்டம் நெரிந்தால் ஆட்கள் அதிகம் வந்தார்கள் என்றுதான் அர்த்தமா? ரயில் தாமதமாகவும் இருக்கலாமே. நிலையான கட்டத்தில் செறிவு என்பது சுரப்பு வீதத்தைக் கிளியரன்ஸால் வகுத்தால் வருவது. கிளியரன்ஸ் பாதியானால் சுரப்பு துளிகூட மாறாமலே அளவு இரட்டிக்கும்.

சினைச் சுண்டெலியில் ஹார்மோனோடு, ரத்தத்தில் அதைப் பற்றிக்கொள்ளும் பிணைப்புப் புரதமும் பல மடங்கு ஏறுகிறது. 22 கிலோடால்டன் ஹார்மோன் தனியாகத் திரிந்தால் சிறுநீரகம் வடிகட்டிச் சிதைத்துவிடும். புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் அவ்வளவு சுலபமாகப் போகாது, அரைவாழ்வு (அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) நீளும். பிட்யூட்டரி இதை ஒரே சீராக விடாது, விட்டுவிட்டுத் துடிப்புத் துடிப்பாக விடும். அப்போது அடுத்த துடிப்பு வருவதற்குள் அளவு அடிமட்டத்துக்கு இறங்காது, மேடுபள்ளம் மழுங்கும். சுரப்பு துடிப்புத் துடிப்பாகவே இருந்தாலும் படத்தில் துடிப்பு இல்லாததுபோல் தெரியும். இதைப் பலகையில் இரண்டு வளைகோடுகளாக வரைந்து காட்டிய பிறகுதான் அவர் அடுத்த கேள்விக்கு நகர்ந்தார்.

மனிதப் பாடத்தை இங்கே ஒட்டவே ஒட்டாதீர்கள். மனிதரில் நஞ்சுக்கொடி தானே ஒரு வளர்ச்சி ஹார்மோன் வகையை இடைவிடாமல் சுரக்கும், தாயின் பிட்யூட்டரிச் சுரப்பு அடங்கிப்போகும். சுண்டெலி நஞ்சுக்கொடிக்கு அந்த வேலை இல்லை. பிணைப்புப் புரதமும் அப்படித்தான்: மனிதரில் செல்லின் மேலிருந்து ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பியிலிருந்து வெட்டுப்பட்டு வரும், சுண்டெலியில் அதே மரபணுவின் வேறொரு ஆர்என்ஏ வடிவத்திலிருந்து உருவாகும்.

"எப்படிப் பிரிப்பாய்?" என்ற கேள்வி வந்தே தீரும். சோமட்டோஸ்டாட்டின்போல் வேலை செய்யும் ஆக்ட்ரியோடைடு மருந்தால் எலியின் சொந்தச் சுரப்பை அடக்குங்கள், தெரிந்த அளவு ஹார்மோனை ஊசியில் கொடுங்கள், இறக்கத்தின் சரிவை அளவிடுங்கள். மனித ஹார்மோனைக் கொடுத்தால் தனியாக அளப்பது சுலபம்தான். ஆனால் அது சுண்டெலியில் பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோனின் ஏற்பியிலும் போய் ஒட்டும், சினைக்காலத்தில் அது பெரிய தலைவலி. ஆய்வகத்து அக்கா ஒருவர் முந்தைய வாரமே இதைச் சொல்லிவைத்ததால் பிழைத்தேன்.

மற்றபடி தயாராக வைத்திருக்க வேண்டியவை:

- எடைக்கேற்ற டோஸ் என்றால் எந்த எடை? வயிற்றுக் குட்டிகளையும் சேர்த்தா? பிளாஸ்மா அளவும் கூடியிருக்குமே.
- ஹார்மோனை அளக்கும் எலைசா சோதனையில் பிணைப்புப் புரதம் அதை மறைக்கிறதா?
- சினையில்லாத ஒப்பீட்டு எலிகள் ஈஸ்ட்ரஸ் சுழற்சியின் (இனப்பெருக்கச் சுழற்சி) எந்தக் கட்டம்? நான்கைந்து நாளில் சுற்று முடிந்துவிடும், யோனிச் செல்களின் ஸ்மியரை நுண்ணோக்கியில் பார்க்காமல் போகாதீர்கள்.
- பாலூட்டும் எலி என்றால் குட்டிகளின் எண்ணிக்கையைச் சமப்படுத்தினீர்களா?
- 25 கிராம் எலியில் மொத்த ரத்தமே ஏறத்தாழ 2 மில்லிலிட்டர். வால் நுனியிலிருந்து சில மைக்ரோலிட்டர்தான் எடுக்கலாம். ஆய்வக விலங்குகளுக்கான சிங்கப்பூரின் நாக்லார் வழிகாட்டுதலைப் படித்துவிட்டுப் போங்கள், கேட்பார்கள்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஆகாது. நாலு பேர் கூடினால் தேர்வாளரைத் திட்டுவதிலேயே பொழுது போய்விடும். கிளமெண்டி கோப்பிக்கடை மூலையில் தனியாக உட்கார்ந்து ஏ3 தாளில் வளைகோடு வரைந்ததுதான் எனக்குக் கை கொடுத்தது. பேசிப் பேசிப் புரிந்துகொள்கிறவர்கள் வேறு வழி பாருங்கள். திருத்திய அறிக்கையை அனுப்பியதும் அந்த இரண்டு வளைகோட்டுப் படத்தை, கேட்கிறவர்களுக்குத் தருகிறேன்.