சர்ஜன்களுக்குக் கருவி வடிவமைப்புப் பயிற்சி: படத்தை ஓரமாக வையுங்கள்

புதுக் கருவி உருவாக்கும் பயிற்சிக்கு வரும் சர்ஜன்கள் பலர் தாங்கள் மனதில் வைத்திருக்கும் கருவியின் படத்தோடுதான் வருவார்கள். அந்தப் படத்தை ஓரமாக வைக்கச் சொல்வதே பயிற்சியின் முதல் வேலை. இருக்கிற கருவியின் குறையை ஈடுகட்டியே கை பழகிப்போனவர்கள் அவர்கள். எது தொந்தரவு என்பதே கண்ணில் படாமல் போய்விடுகிறது.

ஆகவே முதலில் ஆபரேஷன் தியேட்டரில் சும்மா நின்று பார்க்க வேண்டும். வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவை உள்ளே விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியையே எடுத்துக்கொள்வோம். கேமராவை எத்தனை தடவை வெளியே எடுத்துத் துடைத்தார்கள், ஒவ்வொரு தடவையும் எத்தனை விநாடி போனது, துடைத்தபோது லென்ஸில் என்ன இருந்தது என்று வரிசையாக எழுத வேண்டும். அறை வெப்பநிலையில் இருந்த லென்ஸ் வயிற்றுக்குள்ளே 37 டிகிரி ஈரக்காற்றுக்குள் போனால் ஆவி படியத்தான் செய்யும். லென்ஸ் சூடேறியதும் அது பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் காட்சியை மறைப்பவை ரத்தமும் கொழுப்பும், திசுவைச் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் காட்டரியின் புகையும். 'ஆவி படியாத பூச்சு வேண்டும்' என்று கிளம்பியவர் இந்த மூன்றையும் கோட்டைவிட்டிருப்பார். 'கேமராவை வெளியே எடுக்காமலே காட்சி தெளிவாக இருக்க வழி வேண்டும்' என்று எழுதினால் எல்லாமே கணக்கில் வரும்.

ஸ்டான்ஃபோர்டில் 2001-ல் பால் யாக்கும் ஜோஷ் மக்கோவரும் தொடங்கிய பயோடிசைன் என்ற மருத்துவக் கருவி வடிவமைப்புப் பயிற்சியின் உயிர்நாடி இதுதான். என்ன பிரச்சினை, யாருக்கு, எந்த விளைவு மாற வேண்டும்: தேவை வாக்கியத்தில் இந்த மூன்றும் இருக்க வேண்டும், தீர்வு தலைகாட்டக் கூடாது. இதற்கு எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும்.

முதல் மாதிரிக்கு அட்டை, களிமண், ஸ்ட்ரா, பசை போதும். தாமஸ் ஃபோகார்டி ரத்தக் குழாயில் அடைத்த கட்டியை வெளியே இழுக்கும் தன் எம்போலெக்டமி பலூனை, ரப்பர் கையுறையின் விரல் நுனியை வெட்டி, கதீட்டர் என்ற மெல்லிய குழாயில் கட்டித்தான் செய்தார். மாதிரி கையில் வந்ததும் அளவைப் பாருங்கள். கேமரா பொருத்திய 5 மிமீ டெலஸ்கோப்பின் மேல் ஒரு உறை மாட்டினால், அது பிறகு வயிற்றுத் துளையில் வைக்கும் 5 மிமீ ட்ரோகார் குழாயில் நுழையாது. படத்தில் இது தெரியவே தெரியாது.

அடுத்து ஸ்டெரிலைசேஷன், அதாவது கருவியிலுள்ள கிருமிகளை அழிப்பது. இதைக் கடைசியில் சொல்லிக்கொடுப்பது பெரிய தவறு. 3டி பிரிண்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் செய்தது 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். நீராவியில் கிருமி நீக்கும் 134 டிகிரி ஆட்டோகிளேவில் உருக்குலைந்துவிடும். கிருமி நீக்கப் பயன்படும் காமா கதிருக்குச் சாதாரண பாலிப்ரோப்பிலீன் நொறுங்கும் தன்மை அடையும். நீண்ட குறுகிய குழாய்க்குள் பிரஷ் போகாவிட்டால் உள்ளே ரத்தம் தங்கும். மீண்டும் பயன்படுத்தும் கருவிக்கு அந்த வடிவமே உதவாது.

ஆபத்து மதிப்பீட்டுக்கு ஐஎஸ்ஓ 14971 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. 'கவனமாகப் பயன்படுத்தவும்' என்று லேபிளில் எழுதி முடிப்பதே சர்ஜன்களின் வழக்கமான பதில். அந்தத் தரநிலையில் அதற்குக் கடைசி இடம்தான். முதலில் ஆபத்தை வடிவமைப்பிலேயே நீக்கப் பாருங்கள், முடியாவிட்டால் தடுப்பு ஒன்றைச் சேருங்கள், எச்சரிக்கை வாசகம் அதற்கும் பிறகு. கிளிப்பைத் தலைகீழாக மாட்டினால் ஆபத்து என்றால், தலைகீழாக மாட்டவே முடியாதபடி செய்வதுதான் தீர்வு.

சோதிக்கும்போது கருவியை உருவாக்கியவர் வாய் திறக்கக் கூடாது. இன்னொரு சர்ஜன், இடக்கைக்காரர், சிறிய கையுறை போடுபவர், முக்கியமாக அறுவை மேசையருகே நின்று கருவியைப் பொருத்திக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸ் என எல்லோரிடமும் கொடுத்துப் பார்க்க வேண்டும். இறுதிச் சோதனையில் பயனர் வகை ஒவ்வொன்றிலும் குறைந்தது 15 பேர் வேண்டும் என்பது மருந்து, மருத்துவக் கருவிகளை ஒழுங்குபடுத்தும் அமெரிக்க எஃப்டிஏ-வின் வழிகாட்டுதல். நர்ஸும் தனி வகை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

காப்புரிமை விஷயத்தில் ஒன்றே ஒன்று: விண்ணப்பிக்கும் முன் மாநாட்டில் போஸ்டர் வைக்காதீர்கள். அமெரிக்காவில் ஒரு வருடச் சலுகை உண்டு. ஐரோப்பாவில் அப்படி இல்லை. விவரத்தை வெளியிட்ட அன்றே காப்புரிமைக்குத் தேவையான புதுமை போய்விடும்.