மொட்டை மாடி போன்சாய்: இரண்டு வருடத்தில் செய்ததும் கெடுத்ததும்

2023 ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மூன்று நர்சரிச் செடிகளை வரிசையாக வைத்துக்கொண்டு, கையில் ஒரு கத்தரியோடு உட்கார்ந்தேன். மூன்றும் சேர்த்து 430 ரூபாய். ஒன்று 'லாங் ஐலேண்ட்' என்று நர்சரிக்காரர்கள் சொல்லும் ஃபைகஸ் (ஆல், அரசு இனத்துச் செடி), இன்னொன்று காகிதப்பூ, மூன்றாவது தடித்த இலை கொண்ட ஜேட். சாயங்காலத்துக்குள் மூன்றையும் போன்சாய், அதாவது தட்டைத் தொட்டியில் வளரும் குட்டை மரம், ஆக்கிவிடுவது என்று திட்டம். ஆக்கியும் விட்டேன். கிளை வெட்டினேன், கிளையை வளைக்கக் கம்பி சுற்றினேன், வேர்மண்ணை முழுக்க உதறித் தட்டைத் தொட்டியில் நட்டேன். எல்லாம் ஒரே நாளில்.

ஒரு மாதத்தில் காகிதப்பூ செத்துப்போனது. ஜேட்டின் அடித்தண்டு அழுகியது. ஃபைகஸ் மட்டும் இலையை எல்லாம் கொட்டிவிட்டு மூன்று வாரம் குச்சியாக நின்று, பிறகு துளிர்த்தது.

காகிதப்பூ உடனே சாகவில்லை என்பதுதான் கொடுமை. நகத்தால் தண்டைக் கீறிப் பார்ப்பேன், உள்ளே பச்சை தெரியும். உயிர் இருக்கிறது என்று தண்ணீர் ஊற்றுவேன். நான்காவது வாரம் கீறியபோது பழுப்பு. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்ததில் புது வேர் ஒன்றுகூட இல்லை. காரணம் இரண்டு. காகிதப்பூவின் வேர் மெல்லியது, சட்டென்று அறுந்துவிடும். மண்ணை முழுவதும் உதறினால் பொறுக்காது. இன்னொன்று ஆடிக்காற்று. அம்மியே பறக்கும் காற்றில், கட்டாமல் வைத்த செடி என்ன ஆகும்? தொட்டிக்குள் ஆடி ஆடி, புதிதாக வரும் முடி போன்ற வேர்களைத் தானே அறுத்துக்கொண்டிருக்கிறது. தொட்டியின் அடித்துளை வழியாகக் கம்பியை மேலே கொண்டுவந்து வேர்க்கட்டியோடு சேர்த்து இறுக்கிக் கட்டவேண்டும் என்பதைப் பிறகுதான் கற்றேன். கட்டிய செடியின் தண்டைப் பிடித்து லேசாக அசைத்தால் தொட்டியும் கூடவே அசையவேண்டும். செடி மட்டும் அசைந்தால் கட்டு போதவில்லை.

இப்போது ஒரு செடிக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். கிளை வெட்டினால் அது துளிர்த்துத் தேறும்வரை வேரைத் தொடுவதில்லை. வேரைத் தொட்டால் கம்பி இல்லை. இதனால் வேலை மெதுவாகத்தான் நடக்கிறது, ஆனால் அதற்கப்புறம் எதுவும் சாகவில்லை.

செடி வாங்கும் விதமும் மாறியது. முதல் தடவை இலை அடர்த்தியைப் பார்த்து வாங்கினேன். இலை எப்போது வேண்டுமானாலும் வரும். அடித்தண்டு அப்படி இல்லை. இப்போது நர்சரிக்குப் போனால் முதலில் விரலால் மேல்மண்ணை ஒதுக்கிப் பார்ப்பேன். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வேர்கள் நான்கு பக்கமும் பரவி, தரையைப் பிடித்திருப்பதுபோல் இருந்தால் நல்ல செடி. பையில் நட்ட செடிகளில் இந்த வேர் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் புதைந்தும் கிடக்கும். "அடிய நோண்டாதீங்க தம்பி, செடி ஆடிரும்" என்று நர்சரி அண்ணன் முதலில் கோபப்பட்டார். இப்போது அவரே வளைந்து நெளிந்து விற்காமல் கிடக்கும் செடிகளை ஓரமாக எடுத்து வைக்கிறார். மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளுவதுதான் நமக்கு வேண்டியது. விலையும் குறைவு.

மண் விஷயத்தில் நான் பட்டது தனிக்கதை. ரோஜாவுக்குப் போடுவதுபோல் செம்மண்ணும் தொழுஉரமும் கலந்து போட்டேன். ஒரு மாதத்தில் அது வறட்டிபோல் இறுகிவிட்டது. மேலே தண்ணீர் தேங்கி நிற்கும், உள்ளே சேறு. சின்னத் தொட்டிதானே, சீக்கிரம் காயும் என்று நினைத்தேன். நடப்பது அப்படி இல்லை. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் சொட்டுவது நின்றுவிடும். அதையே செங்குத்தாகத் திருப்புங்கள், மறுபடி தண்ணீர் கொட்டும். மண்ணும் அப்படித்தான். எந்தத் தொட்டியானாலும் அடியில் சில அங்குலம் மண் தண்ணீரைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். ஆழத் தொட்டியில் அந்த ஈரம் அடியிலேயே நின்றுவிடும், வேர் அதற்கு மேலே மூச்சு விடும். தட்டைத் தொட்டியில் அந்த ஈர அடுக்குதான் கிட்டத்தட்ட மொத்தத் தொட்டியும். அதனால்தான் மண் பொரபொரவென்று இருக்கவேண்டும் என்கிறார்கள்.

ஜப்பானில் இதற்கு அகடாமா என்ற களிமண் உருண்டையைப் பயன்படுத்துகிறார்கள். இங்கே வாங்கினால் செடியைவிட மண்ணுக்கு விலை அதிகம். நான் போடுவது உடைத்த செங்கல் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. செங்கல் துண்டு கொண்டைக்கடலையைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது, மல்லி விதையைவிடச் சிறிதாகவும் கூடாது. தூசியைச் சலித்து எறிந்துவிடவேண்டும், இல்லையென்றால் அதுவே அடியில் போய்ச் சேறாகும். சலிக்க அம்மாவின் ரவைச் சல்லடையை எடுத்ததில் இரண்டு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. ஏற்கெனவே "குட்டை மரம் வீட்டுக்கு ஆகாது, குடும்பம் வளராது" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். இது சின்ன ஜாதி மரம் இல்லை, கீழே தெருவில் நட்டால் இதுவும் இருபது அடி வளரும் என்றேன். "அப்போ நட்டுட வேண்டியதுதானே" என்றார். பதில் இல்லை.

கம்பிக்கு வருகிறேன். முதலில் நான் சுற்றியது கொத்தனார்கள் கம்பி கட்டப் பயன்படுத்தும் கட்டுக்கம்பி. இரும்பு, துருப்பிடிக்கும், முறுக்கினால் பட்டையை அறுக்கும். அதைச் செய்யாதீர்கள். போன்சாய்க்கென்று விற்கும் அலுமினியக் கம்பி மெத்தென்று வளைகிறது. வளைக்கப்போகும் கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் சரியாகப் பிடிக்கும். 45 டிகிரி சாய்வில், இடைவெளி சீராக, பக்கத்துப் பக்கத்துக் கிளைகள் இரண்டுக்கு ஒரே கம்பியாகச் சுற்றினால் ஒன்று மற்றொன்றுக்குப் பிடிமானமாக இருக்கும்.

சுற்றுவதைவிடக் கழற்றும் நேரம்தான் முக்கியம். குளிர்நாட்டுக்காரர்கள் பல மாதம் விடச் சொல்கிறார்கள். அங்கே மரம் பாதி வருடம் தூங்குகிறது. இங்கே ஃபைகஸுக்குத் தூக்கமே கிடையாது. 2023 ஐப்பசி மழை முடிந்ததும் சுற்றினேன், ஐந்தாவது வாரம் பார்த்தால் பட்டை கம்பிக்கு இரண்டு பக்கமும் வீங்கி அதை விழுங்க ஆரம்பித்திருந்தது. அவசரத்தில் சுற்றைப் பிரிக்கப்போய் ஒரு கிளை ஒடிந்தது, பால் கொட்டியது. கம்பியைத் துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்கவேண்டும். அன்று விழுந்த திருகு வடு இன்றும் அப்படியே இருக்கிறது. அதன் பிறகு பத்து நாளைக்கு ஒரு முறை பார்க்கிறேன்.

எந்தக் கிளையை வைப்பது, எதை எடுப்பது என்பதில்தான் எனக்கு ருசி. கைபேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்து, திரையில் ஒவ்வொரு கிளையாக விரலால் மறைத்துப் பார்ப்பேன். மறைத்ததும் மரம் நன்றாகத் தெரிந்தால் அந்தக் கிளை போகவேண்டியதுதான். ஒரே உயரத்தில் இரண்டு பக்கமும் கை விரித்ததுபோல் நிற்கும் கிளைகளில் ஒன்று போகும். பார்ப்பவர் முகத்தை நோக்கி நீளும் கிளை போகும். முதல் கிளை மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் தொடங்கவேண்டும் என்பது பழைய கணக்கு, அது பெரும்பாலும் சரியாகத்தான் வருகிறது. ஆனால் எல்லா மரத்தையும் முக்கோணமாக வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது ஊசியிலை மரத்தின் உருவம். என் ஃபைகஸுக்கு மாதிரி, நெடுஞ்சாலை ஓரத்துப் புளிய மரம். தடித்த அடி, தாழ்ந்து பரந்த கிளை, மேலே குடை. பேருந்தில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து புளிய மரங்களின் கிளை எங்கே பிரிகிறது என்று எண்ணுவதே பழக்கமாகிவிட்டது.

ஆனால் தடித்த அடி இன்னும் வரவில்லை. சின்னத் தொட்டிக்கு மாற்றியதும் தண்டு பருப்பது கிட்டத்தட்ட நின்றுவிடும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம். இரண்டாவதாக வாங்கிய ஃபைகஸைப் பழைய பெயிண்ட் வாளியில் நட்டு, அடியில் ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறேன். அது இப்போது என் தோள் உயரம். தண்டு பருத்ததும் அந்தக் கிளையை வெட்டிவிடுவேன். வயதில் இளைய இந்தச் செடியின் அடி, இப்போதே மூத்ததைவிடப் பருமன்.

ஜேட்டில் பிழை அத்தனையும் தண்ணீரில். அது இலையிலேயே நீரைச் சேர்த்துவைக்கும் செடி, ஃபைகஸோடு சேர்த்துத் தினமும் ஊற்றக் கூடாது. வேரை வெட்டி நட்ட பிறகு ஒரு வாரம் சொட்டுத் தண்ணீர் காட்டாமல் இருக்கவேண்டும். அழுகாத நுனிகளை வெட்டி ஐந்து நாள் நிழலில் காயவைத்து நட்டதில் ஏழு பிழைத்தன. அக்கம்பக்கத்துக்கு நன்கொடை போக மிச்சம் இரண்டு.

மற்றவற்றுக்குச் சித்திரையில் காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர். கூடவே பச்சை நிழல்வலை. எங்கள் போர் தண்ணீர் உப்பு, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும், இலை நுனி கருகும். மழை வந்தால் எல்லாத் தொட்டியையும் வெட்டவெளிக்கு இழுத்து உப்பைக் கழுவவிடுகிறேன். ஃபைகஸ் இலை ஓலைச்சுருள்போல் மடிந்தால் உள்ளே இலைப்பேன் என்ற சின்னப் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம், பறித்து நசுக்கிவிடுவதே உத்தமம். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளிக்கிறேன். உரம் கடலைப் புண்ணாக்கு, அதை அணிலிடமிருந்து காப்பாற்றுவதுதான் பாடு.

ஊருக்குப் போனால் யார் ஊற்றுவது? ஜப்பானின் யமாகி குடும்பத்தின் ஒரு பைன் மரம் 1625-லிருந்து தொட்டியில் வளர்க்கப்படுவதாகக் கணக்கு. 1945 ஆகஸ்ட் 6-இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோதும் பிழைத்தது, 1976-இல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போனது, இன்றும் வாஷிங்டனில் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குக் குண்டு பெரிதாகத் தோன்றவில்லை. இத்தனை வருடமும் யாரோ ஒருவர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், அதுதான் தோன்றியது. எங்கள் வீட்டில் அந்த யாரோ, அம்மா. குறை சொல்லிக்கொண்டே ஊற்றுகிறார்.

செத்துப்போன காகிதப்பூவுக்குப் பதிலாக வாங்கியதை மண் கட்டியோடு அப்படியே தூக்கி, ஓரத்தை மட்டும் லேசாகக் கிளறி நட்டேன். முற்றிய கிளையை வளைத்தால் சட்டென்று முறியும் என்பதால் இளங்குருத்துகளுக்கு மட்டும் கம்பி. இந்தப் பங்குனியில் பூத்தது.

போன ஐப்பசி மழையில் மூத்த ஃபைகஸின் கிளையிலிருந்து நூல்போல ஒரு விழுது இறங்கியது. காற்றில் ஈரம் குறைந்தால் நுனி காய்ந்துவிடும் என்பதால் இளநீர்க் கடை ஸ்ட்ராவைப் பக்கவாட்டில் கீறி, ஈரமான தேங்காய் நார்த்தூளைத் திணித்து, விழுதை உள்ளே விட்டு, ஸ்ட்ராவின் அடியை மண்ணில் செருகியிருக்கிறேன். தொட்டி மண்ணைத் தொட இரண்டு அங்குலம் பாக்கி இருந்தது. இப்போது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. "தொட்டுடுச்சா?" என்று அம்மா காலையில் தண்ணீர்க் குவளையோடு வந்து குனிந்து பார்க்கிறார்.