முற்றத்தில் முன்னோர் உறங்கும் ஊர்

இந்தோனேசியாவின் பாலித் தீவிலுள்ள தென்பசாரிலிருந்து சிறு விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் சும்பா தீவின் தம்போலாகா. அங்கிருந்து மேற்கே, தீவின் விளிம்பில் இருக்கிறது கோடி வட்டாரம். பெயரைத் தமிழில் எழுதும்போது பொருளும் பொருந்திவிடுகிறது: உண்மையிலேயே அது தீவின் மேற்குக் கோடிதான். செப்டம்பர் மாதம். பாலியின் வயல்வெளிகளைப் பார்த்த கண்ணுக்குச் சுண்ணாம்புப் பாறையும் காய்ந்த புல்லும் முந்திரி மரங்களும் வேறொரு நாடுபோலத் தெரிந்தன.

நான் சுற்றிப் பார்க்க மட்டும் போகவில்லை. ஜகார்த்தாவில் பல ஆண்டுகளாக அடுக்குமாடியில் இருக்கிறேன். கடலோரத்தில் ஒரு சிறு மனை, நான்கு தென்னை, ஒரு வீடு என்ற ஆசை நெடுநாளாக மனத்தில் இருந்தது. சும்பாவில் இப்போதே வாங்கினால்தான் உண்டு என்று நண்பர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

தங்கிய ஊரில் வீடுகளுக்கு முன்னால் முதலில் கண்ணில் படுபவை கல்லறைகள். நான்கு கால்களின்மேல் படுக்க வைத்த பெரும் பாறைப் பலகைகள். அவற்றின்மேல் சோளம் காய்கிறது, பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள், மாலையில் பெரியவர்கள் சாய்ந்து பேசுகிறார்கள். இறந்தவர்களை ஊருக்கு வெளியே அனுப்பும் வழக்கம் பொதுவாக அங்கு இல்லை. பின்னால் எழும் வீட்டின் கூரை கோபுரம்போல வானத்தை நோக்கிக் கூம்பிப் போகிறது. தூண்களில் நிற்கும் வீட்டுத் தளத்துக்குக் கீழே பன்றியும் கோழியும், நடுவில் மனிதர்கள், உச்சியில் மராப்பு எனப்படும் முன்னோர் ஆவிகள். நான்கு பெருந்தூண்களுக்கு நடுவே அடுப்பு எரிகிறது. அதன் புகையில்தான் மேலே கட்டிய சோளக்கதிர்கள் பூச்சி விழாமல் நிற்கின்றன.

உட்கார்ந்ததும் வீட்டு மூதாட்டி தாம்பூலம் நீட்டினார். அங்கே அம்மா வயதுப் பெண்களை ‘மாமா’ என்றுதான் அழைக்க வேண்டும். தமிழ் நாக்குக்கு அது பழக இரண்டு நாளானது. பாக்கு நம்முடையதுதான், சுண்ணாம்பும் நம்முடையதுதான். வெற்றிலைதான் இல்லை. அதற்குப் பதில் வெற்றிலைக் கொடியின் காய்: விரல் நீளத்தில், பச்சையாக, திப்பிலியை நீட்டி வைத்ததுபோல. அதன் நுனியைச் சுண்ணாம்புப் பொடியில் தொட்டு, பாக்கோடு சேர்த்துக் கடிக்கிறார்கள். காரம் உச்சந்தலைக்கு ஏறியது. தாம்பூலம் வாங்காதவரோடு அங்கே பேச்சே தொடங்குவதில்லை.

வாழ்க்கை கடினமானது. இதை மறைத்துக் கடற்கரைப் படங்களை மட்டும் போடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஊருக்கு மின்கம்பி வந்திருக்கிறது, விளக்கு வருவதும் போவதுமாக இருக்கிறது. சுகாதார நிலையம் மோட்டார் சைக்கிளில் போகும் தொலைவில். மலேரியா இன்னும் போகவில்லை. கொசுவலை இல்லாமல் படுக்கக் கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய பாடு தண்ணீர். மழை டிசம்பரில்தான் பிடிக்கும். அதுவரை பெண்களும் பிள்ளைகளும் கீழே பாறை இடுக்கில் இருக்கும் ஊற்றுக்கு நடக்கிறார்கள். படித்த இளைஞர்கள் பாலிக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

மூன்றாம் நாள் ஒரு தரகர் என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். வெண்மணல், தாழை, அப்பால் பச்சைநீலக் கடல். பார்த்த மாத்திரத்தில் கையெழுத்துப் போடத் தோன்றும் இடம். அங்கே நிலத்தை ‘ஆரே’ கணக்கில் பேசுகிறார்கள். ஓர் ஆரே 100 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை சென்ட். வெளிநாட்டவர் எப்படி வாங்குவது என்றேன். உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் எழுதிக்கொள்ளலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். சுருக்கமாக, பினாமி.

இங்கே வாசகர்களுக்கு அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். இந்தோனேசியாவின் 1960-ஆம் ஆண்டு அடிப்படை நிலச் சட்டப்படி ‘ஹக் மிலிக்’ என்ற முழு உரிமை வெளிநாட்டவருக்குக் கிடையாது. சுற்றுவழியில் அதை வெளிநாட்டவருக்கு மாற்றும் ஏற்பாடு செல்லாது என்று அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்கிறது: நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. நேர்வழி ‘ஹக் பாக்காய்’ என்ற பயன்பாட்டு உரிமை. முதலில் 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பித்தால் மேலும் 30. அல்லது உரிமையாளரிடம் நேராக நீண்டகாலக் குத்தகை. போதாததற்கு, பொதுவாக உயர் அலைக் கோட்டிலிருந்து குறைந்தது 100 மீட்டர் கடற்கரைப் பாதுகாப்புப் பகுதி. தரகர் காட்டிய தென்னை வரிசை முழுவதும் அதற்குள் வந்தது.

சட்டம் இப்படி. ஊர் வேறு மாதிரி. அன்றிரவு அடுப்படியில் வீட்டுப் பெரியவரிடம் அந்த இடத்தைப் பற்றிக் கேட்டேன். வெகு நேரம் பாக்கு மென்றார். அது ஒரு குலத்தின் நிலம் என்றார். ஒருவர் பெயரில் சான்றிதழ் இருக்கலாம். ஆனால் பங்காளிகள் அனைவரும் கூடி, பன்றி அறுத்து, முன்னோருக்குச் சொல்லாமல் யாரும் அதை விற்க முடியாது. விற்றவர் பணத்தோடு போய்விடுவார், அவருடைய தம்பி மக்கள் உங்கள் வேலியைக் கேட்டு வருவார்கள் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, மழை எப்போது வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

இது வெறும் அச்சம் அல்ல. 2018 ஏப்ரலில், இதே தீவின் மேற்கு சும்பா மாவட்டத்து மரோசி கடற்கரையில் நில அளவை நடந்தபோது எழுந்த எதிர்ப்பில் உள்ளூர்வாசி ஒருவர் சுடப்பட்டு இறந்தார். அளவுச்சங்கிலியின் ஒரு முனையில் என்னைப்போல ஆசைப்பட்டு வந்த யாரோ எப்போதும் இருக்கிறார்கள் என்ற எண்ணம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

சும்பாவுக்கு யாருமே வரக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தறியில் மாதக்கணக்காக நெய்யும் இக்காட் துணிக்கு நேரடியாக விலை கொடுப்பவர் வேண்டும். ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டிலேயே விருந்தினரைத் தங்க வைத்துக் காசு பார்க்கும்போது நிலம் அவர்கள் கையிலேயே இருக்கிறது. தங்க விரும்புகிறவர் முதலில் ஒரு மழையும் ஒரு கோடையும் அங்கே இருந்து பார்க்கட்டும். குலக்கூட்டத்தின் முன்னால், எல்லோர் கையெழுத்தோடும், குத்தகையாக மட்டும் பேசட்டும். பத்திரம் எழுதும் முன்னால் மாவட்ட நில அலுவலகத்தில் சான்றிதழைச் சரிபார்க்கட்டும். நான் தரகருக்கு வேண்டாம் என்று செய்தி அனுப்பிவிட்டேன்.

கடைசி நாள் விடியலில் அந்த வீட்டுச் சிறுமியோடு ஊற்றுக்குப் போனேன். அவளுக்கு ஒன்பது வயது இருக்கும். இரண்டு கையிலும் எண்ணெய் வந்த மஞ்சள் கேன்கள், ஐந்து லிட்டர் வீதம். மூடிகள் எப்போதோ தொலைந்துவிட்டதால் வாயில் இலையைச் சுருட்டி அடைத்திருந்தாள். ஒன்றை நான் வாங்கிக்கொண்டேன். பாறைப் படியில் மூச்சு வாங்கியபடி ஏறிவந்தபோது மூதாட்டி அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். சிறுமி இலையை உருவினாள். அன்றைய தண்ணீரில் முதல் குவளை எனக்கான காப்பிக்குப் போயிற்று.