கேஸ் எங்கே போகிறது

மே 4

இரவு 11.40. அப்பா அறையில் ஏசி போட்டும் 33.8 டிகிரி.

மே 5

ஏசி மெக்கானிக் தம்பி வந்தான். அரை மணி நேரம்கூட இருக்கவில்லை. "கேஸ் கம்மியா இருக்குக்கா, ஏத்திவிட்டா சரியாயிடும்" என்றான். போன வருஷமும் இதைத்தான் சொன்னான், அதற்கு முந்தைய வருஷமும். ஏற்றிவிட்டுப் போனான். அறை குளிர்ந்தது, அப்பா நெற்றியில் வியர்வை இல்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

மே 6

கேஸ் எங்கே போகிறது? நேற்றிலிருந்து இதே கேள்வி. வண்டியில் பெட்ரோல் தீர்வதுபோல ஏசியில் கேஸ் தீராது. செப்புக் குழாய்க்குள் அடைபட்டு ஒரே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே ஆவியாகும்போது அறையின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. வெளியே கம்ப்ரஸர் அழுத்தி, திரவமாகும்போது அந்தச் சூட்டை இறக்கி வைத்துவிட்டுத் திரும்புகிறது. இதில் செலவாவது ஒன்றுமே இல்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை. மூன்று வருஷமாக ஓட்டையைத் தேடாமல் மேலே மேலே ஊற்றியிருக்கிறோம். இதற்குப் பெயர் ரிப்பேரா?

மே 9

படுத்தபடியே இருக்கும் அப்பாவின் முதுகில் ஒரு இடம் சிவந்திருக்கிறது. கட்டைவிரல் நகம் அளவு. ஈரம் படக்கூடாது என்றார்கள். வியர்வையும் ஈரம்தானே.

மே 11

மறுபடி 32.5. ஆறு நாள்கூடத் தாங்கவில்லை.

தெர்மாமீட்டரை ஏசியின் மேல்பக்கம், காற்றை இழுக்கும் இடத்தில் பிடித்தேன்: 32. கீழே காற்று வரும் இடத்தில்: 28. நான்கு டிகிரிதான் வித்தியாசம். நன்றாக ஓடும் மெஷினில் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இருக்க வேண்டும். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாகத்தான் இருக்கிறது. மாடிக்குப் போய் அவுட்டோர் யூனிட்டைப் பார்த்தால், மெல்லிய குழாய் வால்வில் சேரும் இடத்தில் வெள்ளையாக உறைபனி. விரலால் சுரண்டினேன், பொடியாக உதிர்ந்தது.

மே 12

அண்ணனிடம் போனில் சொன்னேன். "ஐஸ் கட்டுதுன்னா கூலிங் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?" என்கிறான். இல்லை அண்ணா. கேஸ் குறைந்தால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் அது இன்னும் குளிர்ந்த நிலையிலேயே ஆவியாகிவிடும். இந்த ஆர்-22 கேஸை வெளிக்காற்றில் திறந்துவிட்டால் மைனஸ் 41 டிகிரியிலேயே கொதிக்கும். குழாய் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் உறைகிறது. கொஞ்ச இடம் மட்டும் உறைந்து, அறையைக் குளிர்விக்கும் வளைவுக் குழாய் அடுக்கான "காயில்" மிச்சமெல்லாம் சும்மா கிடக்கிறது. அந்த ஐஸ் நோயின் அறிகுறி.

பொறுமையாகக் கேட்டான். "அப்பா எப்படி இருக்கார்?" என்றான் கடைசியில். முதலில் அதைக் கேட்டிருக்கலாம்.

மே 14

வேறொரு மெக்கானிக். வயதானவர். வந்ததும் கேஸ் சிலிண்டரைத் தேடவில்லை. மிச்சமிருந்த கேஸை ஒரு காலி சிலிண்டருக்குள் இழுத்துக்கொண்டார். காற்றில் விடக்கூடாது, ஓஸோனைக் கெடுக்கும் என்றார். 1987இல் மாண்ட்ரியலில் போட்ட ஒப்பந்தத்தின்படி உலகம் முழுக்க படிப்படியாக நிறுத்திவரும் கேஸ் இது. வெப்பத்தைப் பிடித்துவைப்பதிலும் கார்பன் டை ஆக்ஸைடைவிட ஏறக்குறைய 1,800 மடங்கு. மூன்று வருஷம் அதைத்தான் காற்றில் விட்டுக்கொண்டிருந்தோம்.

அப்புறம் குழாய்க்குள் நைட்ரஜன் ஏற்றி, மீட்டர் முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். முள் மெல்ல இறங்கியது. சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவினார். மாடியில் ஒன்றுமில்லை. உள்ளே, அப்பாவின் தலைக்கு மேலே, காயிலின் ஓரத்தில் ஒரு வளைவு. நுரை அசையாமல் இருந்தது. பிறகு கடுகைவிடச் சின்னதாக ஒரு குமிழி, அதன் பக்கத்தில் இன்னொன்று. நின்று நிதானமாக, மூச்சு விடுவதுபோல.

"இங்கதான்மா" என்றார்.

அப்பா கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். இந்த மெஷினை வாங்கியது அவர்தான், பதினாலு வருஷத்துக்கு முன்னால்.

மே 15

தூக்கம் வரவில்லை. அந்த ஓட்டைக்கு எறும்புப் புற்று அரிப்பு என்று பெயராம். செம்பின் மேல் ஊசிமுனை அளவுதான் தெரியும், உள்ளே கிளைகிளையாகப் புற்றுபோலத் துளைத்துப் போகும். ஃபார்மிக், அசெட்டிக் போன்ற அமிலங்களின் ஆவி, காற்று, ஈரம் மூன்றும் சேர்ந்தால் போதும். அந்த ஆவி ஒட்டுப்பலகையிலிருந்து வரும், பசையிலிருந்து வரும், பெயிண்டிலிருந்து வரும். வீடு துடைக்கும் சில திரவங்களிலிருந்தும் வரும்.

அந்த அறையை நான் தினமும் இரண்டு வேளை துடைக்கிறேன். மூன்று வருஷமாக. வாடை வரக்கூடாது, கிருமி அண்டக்கூடாது என்று சன்னலையும் சாத்திவிட்டுத் துடைக்கிறேன். ஏசி அதையெல்லாம் இழுத்துக் காயிலில் பூசியிருக்குமோ? அவருக்காகச் செய்தது அவருடைய குளிர்ச்சியைத் தின்றிருக்குமோ? பெரியவரிடம் கேட்டேன். "பதினாலு வருஷ மெஷின்மா, எதனாலன்னு யாரும் சொல்ல முடியாது" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா?

மே 16

34.1. இன்றைக்குத் திரவம் போடாமல் வெறும் தண்ணீரில் துடைத்தேன்.

மே 17

முதல் மெக்கானிக் போன் செய்தான். அதே மெஷினில் புதுக் கேஸ், ஆர்-32, போட்டுத் தருகிறேன் என்கிறான். வேண்டாம் என்றேன். அதன் அழுத்தம் பழையதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். கம்ப்ரஸருக்கு ஊற்றும் ஆயிலே வேறு. தீப்பிடிக்கும் தன்மையும் கொஞ்சம் உண்டு. அப்பா படுத்திருக்கும் அறையில் எப்படிச் சம்மதிப்பேன்?

மே 18

மாற்றிவிடுவது என்று முடிவு. பதினாலு வருஷ மெஷினுக்குக் காயில் மாற்றி, ஒழிந்துகொண்டிருக்கும் கேஸை மறுபடி ஏற்றுவதில் அர்த்தமில்லை.

பெரியவர் டேப் வைத்து அறையை அளந்தார். மேற்குச் சன்னலை, மேலே மொட்டைமாடி வெயிலைப் பார்த்தார், எத்தனை பேர் இருப்பீர்கள் என்று கேட்டார். ஒரு டன் போதும் என்றார். பழையது ஒன்றரை. எனக்குப் பயமாக இருந்தது, பெரிதாகவே போடுங்கள் என்றேன். பெரிய மெஷின் சீக்கிரம் குளிர்வித்துச் சீக்கிரம் நின்றுவிடும், காற்றிலுள்ள ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் இருக்காது என்றார். ஈரம் என்றதும் ஒத்துக்கொண்டேன்.

ஒரு டன் என்பது மெஷினின் எடை இல்லை. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அவ்வளவை அறையிலிருந்து எடுப்பது. சின்ன வயதில் அப்பா சொல்லிக்கொடுத்தது. இன்று அவரிடம் திருப்பிச் சொன்னேன். கையை லேசாக அழுத்தினார்.

புது மெஷினைக் குளிர்காலத்தில் அப்படியே திருப்பி ஓட்டலாமாம். வெளிக்காற்றிலிருந்து சூட்டை உள்ளே கொண்டுவரும். கம்பி ஹீட்டர் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும், இது மூன்று மடங்குவரை தருமாம். குளிர்காலம்வரை யோசித்துவிட்டேன்.

மே 19

நாளை மறுநாள்தான் வருவார்கள். சன்னலுக்கு வெளிப்பக்கம் தடித்த துணி கட்டினேன். உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிடுகிறது. ஈரத்துணியால் கை கால் ஒற்றி ஃபேன் போடுகிறேன். 40ஐத் தாண்டினால் ஃபேன் காற்று உடம்பைச் சூடாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறையில் 35.2. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன்.

சிவப்பு அப்படியே இருக்கிறது. பெரிதாகவில்லை.

மே 21

மாட்டிவிட்டார்கள். கூட வந்த பையன் கொஞ்சம் கேஸை விட்டுக் குழாயிலுள்ள காற்றைத் தள்ளிவிடலாம் என்றான். பெரியவர் ஒரு பார்வை பார்த்தார், குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப் இறங்கியது. அழுத்தத்தை மைக்ரான் கணக்கில் அளக்கிறார்கள்: வெளிக்காற்று 7,60,000 மைக்ரான், குழாய்க்குள் அது 500க்குக் கீழே வர வேண்டும். ஈரம் தங்கினால் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகிவிடும். பம்பை நிறுத்தியபின் எண் ஏறுகிறதா என்று காத்திருந்தோம். 430. 440. நின்றுவிட்டது.

மாலை 26.5. அப்பா வாயைத் திறந்து தூங்குகிறார்.

மே 22

இரவு 2.15. சத்தமே இல்லாததால் விழித்துக்கொண்டேன். பழையது டக்கென்று நிற்கும், டக்கென்று கிளம்பும், அந்தச் சத்தத்தில்தான் தூங்குவேன். இது இன்வர்ட்டர் ஏசி, நிற்காமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடுமாம். மாடிக்குப் போய் அவுட்டோர் யூனிட்டின் முன்னால் கையை நீட்டினேன். சூடான காற்று, மெதுவாக, வந்துகொண்டே இருந்தது. அப்பா அறையின் சூடு. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

மே 23

26.2. முதுகைப் பார்க்க வேண்டும்.