தமிழில் கேட்டேன், தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது: டர்பனில் அட்வான்ஸ் பணத்தைத் திரும்ப வாங்கிய அனுபவம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் நான்கு வருடம் குடியிருந்தோம். இங்கே அதை 'அவுட்பில்டிங்' என்பார்கள். முன்னால் வீட்டுக்காரர் இருப்பார், பின்னால் தனி வாசலோடு இரண்டு அறையும் சமையலறையும். 2021இல் குடிவந்தபோது ஒரு மாத வாடகையான 6,500 ராண்டை அட்வான்ஸாகக் கொடுத்தோம். 2025இல் காலி செய்து மூன்று வாரம் ஆகியும் அந்தப் பணம் வரவில்லை. கேட்டதற்கு, சுவர் ஊறிவிட்டது, அலமாரிக் கதவு வீங்கிவிட்டது, பழுது பார்க்கவே பணம் சரியாகிவிட்டது என்று வாட்ஸப்பில் இரண்டு வரி வந்தது. பில்லும் இல்லை, கணக்கும் இல்லை.

அந்தச் சுவர் ஊறியது 2022 ஏப்ரல் வெள்ளத்தில். டர்பனே மிதந்த மழை அது. அன்றைக்கு வீட்டுக்கார ஆன்ட்டியும் நானும் சேர்ந்துதான் வாளியால் தண்ணீரை வெளியே இறைத்தோம். அவர் முன்னோர்கள் கரும்புத் தோட்ட வேலைக்கு மதராஸிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அவருக்குத் தமிழ் நாலைந்து சொல்தான் தெரியும், ஆனால் புரட்டாசி மாதம் முழுவதும் கறி தொடமாட்டார். அப்படிப்பட்டவரோடு சண்டை போட மனசு வரவில்லை. பணத்தை விடவும் முடியவில்லை.

என் ஆங்கிலம் கடைக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் போதும், சட்டக் கடிதம் எழுதப் போதாது. வக்கீல் ஃபீஸ் அட்வான்ஸையே தாண்டிவிடும். அதனால் போனில் ஏஐ சாட்பாட்டைத் திறந்து, 'வீட்டுக்காரர் அட்வான்ஸ் தரவில்லை, என்ன செய்யலாம்?' என்று தமிழில் கேட்டேன்.

நல்ல தமிழில், கோர்வையாகப் பதில் வந்தது. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றெல்லாம் இருந்தது. அந்த வாடகை அதிகாரி டர்பனில் எங்கே இருக்கிறார் என்று இரண்டு நாள் தேடினேன். பிறகுதான் புரிந்தது, அது சொன்னது தமிழ்நாட்டில் 2017இல் போட்ட வாடகைச் சட்டம். நான் ஊர் பெயரைச் சொல்லவில்லை. தமிழில் கேட்டதால் தமிழ்நாட்டில் இருப்பவள் என்று எடுத்துக்கொண்டது. இதை எல்லாருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு தாய்மொழியில் கேட்பவர்கள், நாடு, மாகாணம், ஊர் மூன்றையும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

இரண்டாவது தடவை 'தென்னாப்பிரிக்கா, குவாசுலு-நடால், டர்பன்' என்று போட்டுக் கேட்டேன். இந்த முறை எனக்குத் தெரியாத, உண்மையான ஒரு விஷயம் கிடைத்தது. இங்கே 1999ஆம் வருட வாடகை வீட்டுச் சட்டம் என்று ஒன்று உண்டு. அதன்கீழ் வாடகை வீட்டுத் தீர்ப்பாயம் இயங்குகிறது. வக்கீல் வேண்டாம், புகார் கொடுக்கக் கட்டணமும் இல்லை. நாலு வருடத்தில் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. அந்த ஒரு பதிலுக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

ஆனால் அதே பதிலின் கீழே, அட்வான்ஸைப் பிடித்து வைத்தால் வீட்டுக்காரர் இரண்டு மடங்கு தர வேண்டும் என்றும், அதற்கு ஆதாரமாக ஒரு வழக்கின் பெயரும் வருடமும் இருந்தன. 13,000 ராண்ட்! கடிதத்தில் அதையும் சேர்த்து எழுதித் தரச் சொன்னேன். அருமையான ஆங்கிலத்தில் எழுதித் தந்தது. அனுப்புவதற்கு முன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி செய்யும் லீகல் எய்ட் அமைப்பின் இலவச எண்ணை, 0800 110 110, கூப்பிட்டேன். போனை எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'அந்த வழக்கை சாஃப்லி தளத்தில் தேடிப் பார்த்தீர்களா?' என்றார். தென்னாப்பிரிக்கத் தீர்ப்புகளை இலவசமாகப் படிக்கக்கூடிய தளம் அது. தேடினேன். அப்படி ஒரு வழக்கே இல்லை. இரண்டு மடங்கு என்பதும் சட்டத்தில் எங்கும் இல்லை.

எனக்கு மட்டும் நடந்தது இல்லை என்று பிறகு தெரிந்தது. 2025 ஜனவரியில், எங்களுக்குப் பக்கத்து ஊரான பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில், படித்துப் பட்டம் வாங்கிய வக்கீல்களே ஒன்பது வழக்குகளை மேற்கோள் காட்டி மனுப் போட்டிருந்தார்கள். நீதிபதியால் அவற்றில் இரண்டைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. விஷயம் வக்கீல்களின் ஒழுங்குமுறைக் குழுவுக்கே போனது. அவர்கள் கதியே அப்படி என்றால், அந்தக் கடிதத்தோடு தீர்ப்பாயத்தில் போய் நின்றிருந்தால் என் பேச்சை யார் நம்பியிருப்பார்கள்? சுவர், வெள்ளம், ரசீது என்று நான் சொல்லும் நிஜமும் சேர்ந்தல்லவா பொய்யாகத் தெரிந்திருக்கும்.

காலி செய்வதற்கு முன்னால் நடந்த ஒன்றும் அப்போது ஞாபகம் வந்தது. நம் ஊர் வழக்கப்படி கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாமா என்று இதே சாட்பாட்டிடம் கேட்டிருந்தேன். கழிக்கலாம் என்றது. என் கணவர்தான் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்து, கூடவே கூடாது என்று எழுதியிருப்பதைக் காட்டினார். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டதும் உடனே மன்னிப்புக் கேட்டு மாற்றிச் சொன்னது. நாம் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறோமோ அந்தப் பக்கமே அது சாய்கிறது. கோபத்தில் இருக்கும்போது கேட்டால் கோபத்துக்குத் தோதாகப் பேசுகிறது.

அதன் பிறகு சட்டத்தையே அரசாங்கத் தளத்திலிருந்து இறக்கினேன். எனக்கு வேண்டியதெல்லாம் அதன் 5ஆம் பிரிவிலேயே இருந்தது. புரியாத வாக்கியத்தை மட்டும் சாட்பாட்டில் ஒட்டி, 'இதில் உள்ளதை மட்டும் எளிய தமிழில் சொல், வேறெதையும் சேர்க்காதே' என்றேன். இந்த வேலையை அது நன்றாகவே செய்தது. அப்படிப் படிக்கும்போதுதான், அது முன்பு சொல்லாமலே விட்ட வரி கண்ணில் பட்டது. ஒப்பந்தம் முடியும் முன் மூன்று நாளுக்குள் வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். குடியிருப்பவரை வைத்துக்கொண்டு அப்படிப் பார்க்கத் தவறினால், வீடு நல்ல நிலையில் இருந்ததாக வீட்டுக்காரரே ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும். அட்வான்ஸை வட்டியோடு முழுதாகத் தர வேண்டும். ஆன்ட்டி எங்களோடு வந்து பார்க்கவே இல்லை. சாவியை வாசலில் வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். என் வழக்கின் உயிரே அந்த வரியில் இருந்தது.

மற்ற வேலைகளில் சாட்பாட் கைகொடுத்தது. நாலு வருட வாட்ஸப் பேச்சைத் தேதி வாரியாக அடுக்கித் தந்தது. லீகல் எய்டில் சொன்னபடி பாஸ்போர்ட் எண், வங்கிக் கணக்கு, பெயர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் கொடுத்தேன். முதல் நாள் அப்படியே போட்டுவிட்டேனே என்று இன்னமும் உறுத்துகிறது. வக்கீலிடம் சொன்னால் ரகசியம் காக்கும் கடமை அவருக்கு உண்டு, இதற்குக் கிடையாது. பிறகு, 'நீ வீட்டுக்காரராக இருந்து என்னை ஆங்கிலத்தில் கேள்வி கேள்' என்று சொல்லி நாலு ராத்திரி பேசிப் பழகினேன்.

புகார்ப் படிவம், ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீது, வெள்ளத்தன்று எடுத்த படங்கள் எல்லாவற்றையும் தீர்ப்பாயத்தில் கொடுத்தோம். முதலில் சமரசப் பேச்சுக்குக் கூப்பிட்டார்கள். நடுவில் இருந்த அதிகாரி ஆன்ட்டியிடம் கேட்டது ஒரே கேள்விதான்: 'இரண்டு பேரும் சேர்ந்து வீட்டைப் பார்த்தீர்களா?' இல்லை என்றார். நான் தயார் செய்து வைத்திருந்ததில் பாதியைப் பேசவே தேவைப்படவில்லை. பூட்டு மாற்றிய 350 ராண்டைக் கழித்துக்கொள்ள நான் சம்மதித்தேன், அது எங்கள் பிள்ளை உடைத்தது. வட்டியையும் விட்டுக்கொடுத்தேன். மீதி இரண்டு தவணையில் வந்து சேர்ந்தது. தைப்பூசக் காவடியன்று கோயிலில் ஆன்ட்டியே வந்து பேசினார், நானும் பேசினேன்.

போன வாரம், ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். மூன்று வாரமாகச் சாட்பாட்டில் தமிழில் கேட்டுக்கொண்டிருக்கிறார். தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போடச் சொல்லி நீளமாக ஒரு மனுவும் எழுதித் தந்திருக்கிறது. 'அண்ணே, என்னைக்கு நிறுத்துனாங்க?' என்றுதான் முதலில் கேட்டேன். இங்கே முதலில் போக வேண்டியது சிசிஎம்ஏ, அதாவது வேலைத் தகராறுகளைச் சமரசம் செய்து தீர்க்கும் அமைப்பு. வேலையை விட்டு நிறுத்திய நாளிலிருந்து 30 நாளுக்குள் எல்ஆர்ஏ 7.11 என்ற புகார்ப் படிவம் அங்கே போய்ச் சேர வேண்டும், அதன் நகலை முதலாளிக்கும் அனுப்பி அதற்கான அத்தாட்சியை வைத்திருக்க வேண்டும். நாளை எண்ணிப் பார்த்தோம். எட்டு நாள் மிச்சம் இருந்தது. அன்று ராத்திரியே என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வரி வரியாகப் படித்துப் படிவத்தை நிரப்பினோம்.