கோழிக் கருவின் கிளைக்கோஜன் உறுப்பு: 7 முதல் 13ஆம் நாள் வரை

பறவைத் தண்டுவடம் பின்கால் மட்டத்தில் முதுகுப்பக்கமாக இரண்டாக விலகும். அந்தப் பள்ளத்தில் ஜெல்லிபோல் அடைந்திருப்பதே கிளைக்கோஜன் உறுப்பு. அதன் கிளியா செல்கள் (நரம்புச் செல்களுக்குத் துணை நிற்பவை) கிளைக்கோஜனால், அதாவது உடல் குளுக்கோஸைச் சேமிக்கும் வடிவத்தால், பிதுங்கி நிற்கும்.

இந்த உறுப்பு கருவில் உருவாவதைப் பார்க்கக் கடை முட்டை உதவாது. அதில் பெரும்பாலும் கரு இருக்காது. சேவலோடு வளரும் நாட்டுக்கோழி முட்டை வேண்டும். 37.5 டிகிரி, ஈரப்பதம் 55-60 சதவீதம், நாளுக்கு 4 முறை திருப்பல். 5ஆம் நாள் விளக்கொளியில் பார்த்து, ரத்தநாளம் தெரியாதவற்றை விலக்கினோம். 7, 9, 11, 13ஆம் நாள்களில் முட்டையை 4 டிகிரியில் 4 மணி நேரம் வைத்த பிறகே திறந்தோம். வலியுணர்வு வரக்கூடிய கட்டம் நெருங்குவதால் 13ஐத் தாண்டவில்லை.

முதல் சுற்றில் திசுவைப் பதப்படுத்தியது ஃபார்மலின் கரைசலில். 11ஆம் நாள் வெட்டில் நடுவே வெற்றுக் குழி. உறுப்பே உருவாகவில்லை என்று எண்ணத் தோன்றும், ஆனால் செல்சவ்வுகள் வலைபோல் இருந்தன, உள்ளடக்கம்தான் நீரில் போய்விட்டது.

இரண்டாம் சுற்றில் கார்னாய் என்ற நீரில்லாப் பதக்கலவை: தூய ஆல்கஹால் 60, குளோரோஃபார்ம் 30, உறைநிலை அசெட்டிக் அமிலம் 10 பங்கு. 2-3 மி.மீ. துண்டுகள், 4 டிகிரியில் 3 மணி நேரம். பிறகு நேராகத் தூய ஆல்கஹால், இடையில் நீர்த்த ஆல்கஹால் கூடாது. அறை வெப்பத்தில் ஊறவைத்த துண்டுகளில் கிளைக்கோஜன் செல்லின் ஒரே ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. திரவம் நுழையும் பக்கத்திலிருந்து அது தள்ளப்படுவதே காரணம். குளிரில் இது வெகுவாகக் குறையும்.

7 மைக்ரான் மெழுகு வெட்டுகளை வெந்நீருக்குப் பதிலாக 70 சதவீத ஆல்கஹாலில் விரித்தோம். 0.5 சதவீதப் பெரியோடிக் அமிலம் 10 நிமிடம், சிவப்பு நிறம் தரும் ஷிஃப் கரைசல் 15 நிமிடம், ஓடும் நீர் 10 நிமிடம். பக்கத்து வெட்டை முதலில் 37 டிகிரியில், கிளைக்கோஜனைச் சிதைக்கும் டயஸ்டேஸ் நொதியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். அதில் மறைந்த சிவப்பே கிளைக்கோஜன். வெட்டைக் காக்கும் செலாய்டின் படலம் பூசுவதானால் டயஸ்டேஸுக்குப் பிறகுதான், முன்னே பூசினால் நொதி உள்ளே போகாது.

7ஆம் நாள் கூரைத்தட்டருகே (தண்டுவடத்தின் முதுகுப்பக்க நடுப்பகுதி) ஏறக்குறைய நிறமில்லை. 9இல் நடுக்கோட்டின் இருபுறமும் சிவப்புத் துளிகள். 11இல் உருண்ட செல்கள் கூட்டமாக. 13இல் அவை முதுகுப்பக்கம் புடைத்திருந்தன.

இது வெறும் உணவுக் கிடங்கு இல்லை. கோழி பட்டினி கிடந்தாலும் இந்தக் கையிருப்பு கல்லீரலில்போல் கரைவதில்லை. குளுக்கோஸாக விடுவிக்கும் குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் நொதி இங்கே கிடையாது. ஆகவே அடுத்த சுற்றில் அதே கருவின் கல்லீரலையும் பக்கத்தில் வைத்துச் சாயமேற்றப் போகிறோம்.