சேவ் செய்தேன், சிங்க் செய்யவில்லை

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மருத்துவமனைக் கட்டடத்தின் மூன்றாம் தளத்திற்காக, கட்டடங்களை முப்பரிமாணத்தில் வடிவமைக்கும் ரெவிட் மென்பொருளில் உருவாக்கிய மாடலில் நான் ஒரு நாள் முழுவதும் செய்த வேலை அடுத்த நாள் காலையில் காணாமல் போயிற்று. மின்சாரம் தடைப்படவில்லை, கணினியும் பழுதாகவில்லை. அன்று பகல் முழுவதும் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை கண்ட்ரோல்-எஸ் அழுத்திச் சேமித்துக்கொண்டேதான் இருந்தேன். அப்படியிருந்தும் வேலை போனது எப்படி என்பதை, பலர் சேர்ந்து ஒரே மாடலில் வேலை செய்யும் இடத்திற்குப் புதிதாக வருபவர்களுக்காக விரிவாக எழுத விரும்புகிறேன்.

வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில் பழகிய கையுடன்தான் என்னைப் போன்ற பலரும் ரெவிட்டுக்கு வந்தோம். ஆட்டோகேடில் ஒரு வரைபடம் பொதுவாக ஒருவர் கையில்தான் இருக்கும். சேவ்டைம் என்ற அமைப்பை யாரும் மாற்றாதவரை, 10 நிமிடத்திற்கு ஒருமுறை மென்பொருளே ஒரு தற்காலிகப் பிரதியை எழுதி வைத்துக்கொள்ளும். முந்தைய சேமிப்பின் பிரதி ஒன்றும் தனியாக இருக்கும். ரெவிட் அப்படித் தானாகச் சேமிப்பதில்லை. 'நீண்ட நேரமாகச் சேமிக்கவில்லை' என்று நினைவூட்டும் ஒரு பெட்டியை மட்டும் காட்டும். அதற்கான இயல்பான இடைவெளி 30 நிமிடம். அந்தப் பெட்டி வந்தவுடன் படிக்காமலே மூடிவிடும் பழக்கம் உள்ளவர்களை எல்லா அலுவலகங்களிலும் பார்த்திருக்கிறேன்.

சேமிப்பதிலும் இரண்டு வகை உண்டு. சர்வரில் எல்லோருக்கும் பொதுவான சென்ட்ரல் கோப்பு இருக்கும். ஒவ்வொருவரும் அதிலிருந்து எடுத்த லோக்கல் பிரதியைத் தம் கணினியில் வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். கண்ட்ரோல்-எஸ் அழுத்தினால் அந்த லோக்கல் பிரதி மட்டுமே சேமிக்கப்படும். 'சிங்க்ரனைஸ் வித் சென்ட்ரல்', சுருக்கமாகச் சிங்க், என்ற கட்டளையைக் கொடுத்தால்தான் நாம் செய்த மாற்றங்கள் சென்ட்ரலுக்குப் போகும். மற்றவர்கள் செய்தவையும் அப்போது நம்மிடம் வந்து சேரும். அதுவரை நம் வேலை இந்த உலகில் ஒரே ஓர் இடத்தில், நம் மேசைக்கு அடியில் உள்ள பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது.

நான் வேலையை இழந்தது இந்த இடைவெளியில்தான். அன்று மாலை ஆறு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் சிங்க் செய்ததால் வரிசை நீண்டது. ஒருவருடைய சிங்க் முடியும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று லோக்கலில் மட்டும் சேமித்து மூடிவிட்டு, மறுநாள் வந்து சிங்க் செய்துகொள்ளலாம் என்று புறப்பட்டேன். மறுநாள் காலை வழக்கம்போல் சென்ட்ரலைத் தேர்ந்தெடுத்து, 'கிரியேட் நியூ லோக்கல்' என்ற கட்டத்தில் குறியிட்டுத் திறந்தேன். ஏற்கெனவே ஒரு பிரதி இருக்கிறது, அதன்மேல் எழுதவா அல்லது பெயருடன் நேரத்தைச் சேர்த்துத் தனியாக வைக்கவா என்று ரெவிட் கேட்டது. தினமும் அழுத்துவதைப் போலவே, மேலே எழுது என்று அழுத்தினேன். முந்தைய நாளின் சுவர்களும் கதவுகளும் இருந்த ஒரே பிரதி அந்த ஒரு சொடுக்கில் அழிந்தது. திரையில் மூன்றாம் தளம் இரண்டு நாட்களுக்கு முன் இருந்த நிலையில் விரிந்தபோதுதான் செய்த பிழை புரிந்தது.

ஒருவர் சிங்க் செய்யாமல் இருப்பது அவரை மட்டும் பாதிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாம் ஒரு சுவரைத் தொட்டு மாற்றினால், அதை நாம் கடன் வாங்கியதாக மாடலில் பதிவாகிவிடும். சிங்க் செய்து விடுவிக்கும்வரை வேறு யாரும் அதை மாற்ற முடியாது. யாரோ ஒருவர் படிக்கட்டுப் பகுதியைக் கடனில் வைத்தபடியே விடுப்பில் போனதால், ஒரு குழுவே அரை நாள் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குக் கிளம்பும்போது விடுவிக்காமல் கிளம்புவது, சக ஊழியரின் மேசை இழுப்பறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவதற்குச் சமம் என்றே நான் கருதுகிறேன்.

சிங்க் செய்யத் தயங்குவதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. பெரிய மாடலில் அது சில நிமிடங்களை விழுங்கும். அதைவிட முக்கியமானது, சிங்க் செய்தவுடன் அதற்கு முன் செய்தவற்றை அன்டூ செய்ய முடியாது. பாதி யோசித்து வைத்திருக்கும் ஓர் அமைப்பை அந்த நிலையில் அனுப்ப யாருக்கும் மனம் வராது. இதற்கு நான் கண்ட வழி, நிச்சயமில்லாத எதையும் தொடங்குவதற்கு முன்பே சிங்க் செய்துவிடுவது. பிறகு தாராளமாக முயன்று பார்க்கலாம்; பிடிக்காவிட்டால் சேமிக்காமல் மூடி, கடன் வாங்கியவற்றை விடுவித்துவிட்டு, புதிய லோக்கல் எடுத்துக்கொள்ளலாம். வரிசைத் தொல்லைக்கு, மதிய உணவுக்கும் மாலைக்கும் ஆளுக்கொரு நேரத்தை எங்கள் குழுவில் பிரித்துக்கொண்டோம். சிங்க் தொடங்கும்போது குழு அரட்டையில் ஒரு வார்த்தை போட்டுவிடுவோம். மற்றபடி மணிக்கு ஒருமுறை என்பது என் கணக்கு.

இப்படி அடிக்கடி சிங்க் செய்யும்போது கவனிக்க வேண்டிய ஒன்று, பேக்கப் எண்ணிக்கை. ஒவ்வொரு சிங்குக்கும் ஒரு பழைய நிலை சென்ட்ரலின் பேக்கப் கோப்புறையில் சேர்கிறது. பகிர்ந்த மாடல்களுக்கு இயல்பாக வைக்கப்பட்டிருக்கும் உச்ச வரம்பு 20. ஆறு பேர் மணிக்கு ஒருமுறை சிங்க் செய்தால், மூன்றரை மணி நேரத்திற்குள் 20 தாண்டிவிடும். காலையில் இருந்த நிலை மாலையில் கிடைக்காது. ஆகவே சென்ட்ரலின் முழுப் பிரதி ஒன்றைத் தினமும் இரவில் தேதியிட்டு வேறொரு இடத்தில் வைக்கும்படி குழுவில் வற்புறுத்தி வழக்கமாக்கினேன். பேக்கப்பைப் பயன்படுத்தும்போதும் எச்சரிக்கை தேவை. 'ரோல்பேக்' என்பதை அழுத்தினால் அந்த நிலைக்குப் பிந்தைய அனைத்தும் அழியும்; மற்றவர்கள் கையில் உள்ள லோக்கல் பிரதிகளும் அந்தச் சென்ட்ரலோடு இனி ஒட்டாது. பழைய நிலையை வேறு பெயரில் சேமித்து, வேண்டியதை மட்டும் நகலெடுப்பதே சரி.

சென்ற ஆண்டு இது உண்மையாகவே உதவியது. குழுவில் ஒருவர், இரட்டையாக வரைந்துவிட்டதாக நினைத்து இரண்டாம் தளத்தின் கூரைத் தட்டிகளை நீக்கிச் சிங்க் செய்துவிட்டார். மதியம்தான் தெரிந்தது. அதற்குள் எல்லோரும் பலமுறை சிங்க் செய்திருந்தார்கள். சிங்க் செய்யும்போது குறிப்பு எழுதும் சிறிய கட்டத்தைப் பலர் காலியாக விட்டுவிடுவார்கள். எங்கள் குழுவில் ஒரு வரியாவது எழுதுவது வழக்கம். 'ஷோ ஹிஸ்டரி'யில் பார்த்தபோது, '2-ஆம் தளத் தட்டிகள் சீரமைப்பு' என்ற வரி காலை 10:40-க்குப் பதிவாகியிருந்தது. அதற்கு முந்தைய நிலையைத் தனிக் கோப்பாக எடுத்து, தட்டிகளை நகலெடுத்து, அதே இடத்தில் ஒட்டிச் சிங்க் செய்தேன். குறிப்புக் கட்டத்தில் 'தட்டிகள் மீட்பு' என்று எழுதினேன். மொத்தம் இருபது நிமிடம் ஆனது.